கத்திக்கும் உண்டு லைனிங்!

பாத்திரக் கடையில் ஒரு குடம் வாங்கப் போனால் நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! தட்டிப் பார்க்கிறோம், தூக்கிப் பார்க்கிறோம், திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்கிறோம், விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கிறோம். அதே கடையில் கத்தி வாங்கும்போது மட்டும், "பளபளன்னு இருக்கு, இதையே கொடுங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்து விடுகிறோம். மிஞ்சிப் போனால் கட்டை விரலால் கூர் பார்ப்போம். அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! காய் நறுக்குகிற நேரமெல்லாம் நம் உள்ளங்கைக்குள் இருப்பது அலகு அல்ல, பிடிதான். அலகு மழுங்கினால் சாணை பிடித்துக் கொள்ளலாம். பிடி ஆட்டம் கண்டால்? பூசணிக்காயின் நடுவே அலகு சிக்கி நிற்க, கை மட்டும் முன்னால் வழுக்கிக் கொண்டு போகும். அப்புறம் ரத்தம், கட்டு, பாத்திரம் தேய்க்க முடியாத அவஸ்தை, எல்லாம்தான்.

ஒரு கத்தியின் பிடி ஆறே மாதத்தில் ஆடுகிறது. இன்னொன்று முப்பது வருஷமானாலும் அசையாமல் இருக்கிறது. ஏன் இப்படி என்று தேடிப் போனபோதுதான், பிடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மெல்லிய தகட்டைப் பற்றித் தெரிந்து கொண்டேன். அதை 'லைனர்' என்கிறார்கள். நாம் ரவிக்கைக்கு 'லைனிங்' கொடுக்கிறோமே, அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரன்தான் இதுவும். செய்கிற வேலையும் ஏறக்குறைய அதேதான்.

மெல்லிய துணியில் ரவிக்கை தைக்கும்போது உள்ளே ஒரு கெட்டித் துணி கொடுக்கிறோம். வெளியே தெரியும் அழகு மேல் துணிக்கு. இழுவையைத் தாங்குவது உள் துணி. லைனிங் இல்லாவிட்டால் கையைத் தூக்கினதும் தையல் ஓரம் 'சர்'ரென்று விட்டுப் போகும். கத்தியிலும் மரம், கொம்பு, எலும்பு, பிளாஸ்டிக் என்று வெளியே தெரிவதெல்லாம் மேல் துணி மாதிரி. உள்ளே இருக்கும் தகடுதான் இழுவையைத் தாங்குகிறது.

பிடிகள் மூன்று விதம்

முதலில் நம் வீட்டுக் கத்திகளின் பிடி எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்து விடுவோம்.

முதல் வகை, நம் கிராமங்களில் காலம் காலமாக இருப்பது. அரிவாள், கொடுவாள், பழைய வெட்டுக்கத்தி எல்லாம் இப்படித்தான். அலகின் அடிப்பாகம் வால் மாதிரி ஒடுங்கி, மரப்பிடிக்குள் இறங்கி விடும். மரம் பிளக்காமல் இருக்கப் பிடியின் வாயில் ஓர் உலோக வளையம் போடுவார்கள். உலக்கைக்குப் போடுகிறோமே, அதே பூண்தான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர் போன ஊர். அந்த மாதிரி ஊர்க் கொல்லர்கள் பூணை எவ்வளவு கவனமாக இறுக்குவார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வகைக்கு உள்தகடு தேவையில்லை. பூண்தான் காவல்.

இரண்டாவது வகையில், அலகு இரும்பே பிடியின் கடைசி வரை நீண்டிருக்கும். அதன் இரு பக்கமும் இரண்டு மரக்கட்டைகளை வைத்து, இரண்டு அல்லது மூன்று ரிவிட் அடித்திருப்பார்கள். பிடியின் முதுகைப் பார்த்தால் கட்டை, இரும்பு, கட்டை என்று ஸாண்ட்விச் போலத் தெரியும். சமையலறையில் நல்ல கனமான கத்திகள் பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாவது, அலகின் வாலைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த பிடி. விலை குறைவு, கழுவ எளிது. நன்றாக வார்த்திருந்தால் இடுக்கே இருக்காது. ஆனால் வால் எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

நம்முடைய லைனர் வேலை செய்யும் இடம் இரண்டு. ஒன்று, நான் சொன்ன அந்த 'ஸாண்ட்விச்' பிடி. இன்னொன்று, மடக்குக் கத்தி.

மழைக் காலத்துக் கதவும் கத்திப் பிடியும்

ஐப்பசி மழையில் வாசல் கதவு சாத்த முடியாமல் இறுகிக் கொள்கிறது. சித்திரை வெயிலில் அதே கதவு 'லொட லொட' என்று ஆடுகிறது. மரத்தின் குணம் அது. ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் நார் ஓடும் திசையில் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். இரும்போ தண்ணீரில் கிடந்தாலும் அளவு மாறாது.

இந்த இரண்டையும் சேர்த்து ரிவிட் அடித்து வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை கழுவும்போதும் மரம் உப்பி ரிவிட்டை இழுக்கும், காயும்போது சுருங்கி விலகும். வருஷக்கணக்கில் இது நடந்தால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்து விடும். அதற்குள் தண்ணீர் இறங்கும், தக்காளிச் சாறு இறங்கும், மீன் கழுவிய நீர் இறங்கும். இறங்கினது வெளியே வராது.

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு ஒரு பெரியவர் வருவார். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா கொண்டு வந்து கொடுத்த கத்தியைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"தாயி, அலகு நல்லாத்தான் இருக்கு. பிடி தண்ணி குடிச்சிருக்கு. இதுக்குச் சாணை பிடிச்சுக் காசு வாங்கினா எனக்குப் பாவம்" என்றார்.

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியலையே, பெரியவரே?" என்றார்.

அவர் ஒரு திருப்புளியை இடுக்கில் விட்டு லேசாக நெம்பினார். கட்டை கையோடு வந்து விட்டது. உள்ளே பார்த்தால், அம்மாடி! இரும்பு முழுவதும் செதில் செதிலாகத் துரு. கட்டையின் உள்பக்கம் கறுத்துப் பிசுபிசுவென்று ஒரு படலம். நாற்றம் வேறு. இந்தக் கத்தியால்தான் காலையில் குழந்தைக்கு ஆப்பிள் நறுக்கினேன் என்று அக்கா முகம் சுளித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஈரமும் உணவுத் துணுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமிகள் பெருகும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான். பலகையைத் தேய்க்கிறோம், அலகைத் தேய்க்கிறோம். பிடியின் இடுக்கை எப்படித் தேய்ப்பது? தேய்க்க முடியாத இடத்தில் அழுக்கு சேராதபடி செய்வதுதான் வழி.

இங்கேதான் லைனர் வருகிறது. நல்ல மரப்பிடிக் கத்தி செய்கிறவர்கள், இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு படலத்தை வைத்து, இரு பக்கமும் பசை போட்டு ஒட்டி, அப்புறம்தான் ரிவிட் அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் மரத்திலும் உண்டு, இரும்பிலும் உண்டு. இரண்டும் விறைப்பான சாமான்கள். முகத்துக்கு முகம் முழுவதும் ஒட்டாது. நடுவில் இருக்கும் படலம் இரண்டோடும் ஒட்டிக் கொண்டு இடுக்கை அடைக்கிறது. மரம் உப்பிச் சுருங்கும்போது அந்த இழுவையில் கொஞ்சத்தைத் தானும் வாங்கிக் கொள்கிறது.

சில கத்திகளின் பிடி முதுகில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ மெல்லிய கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தது என்று நினைத்து விடாதீர்கள். அழகும் உண்டுதான். ஆனால் அதுவே இந்த லைனர். பல கத்திகளில் இது 'வல்கனைஸ்டு ஃபைபர்' என்ற பொருளால் ஆனது. பருத்திக் காகிதத்தை ஜிங்க் குளோரைடு கரைசலில் நனைத்து, அடுக்கி, அழுத்திச் செய்வது. இங்கிலாந்தில் தாமஸ் டெய்லர் என்பவர் 1859-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதில் ஒரு குறையும் உண்டு. காகிதத்தின் பிள்ளை அல்லவா, அதிக ஈரம் பட்டால் இதுவும் கொஞ்சம் உறிஞ்சும். அதனால் இப்போது கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸிப் பசையில் தோய்த்து அழுத்திச் செய்த 'ஜி-10' என்ற தகட்டையும் வைக்கிறார்கள். அது அநேகமாகத் தண்ணீர் குடிப்பதே இல்லை.

நம் பாட்டிமார்களும் இந்தத் தத்துவத்தை அறிந்தவர்கள்தான்! அரிவாள்மணையின் அலகு ஆட ஆரம்பித்தால், மணைக்கும் அலகின் காலுக்கும் நடுவே ஒரு துணித் துண்டை மடித்துச் செருகித் தட்டி விடுவார்கள். ஆட்டம் நிற்கும். ஆனால் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும், துரு ஏறும். நடுவில் வைக்கும் பொருள் இடுக்கை அடைக்கவும் வேண்டும், ஈரத்தைக் குடிக்காமல் இருக்கவும் வேண்டும்.

பேனாக்கத்தியின் வயிற்றுக்குள்

சமையல் கத்தியில் லைனர் ஓர் உதவியாள். மடக்குக் கத்தியிலோ அதுதான் முதுகெலும்பு.

என் அப்பா வைத்திருந்த பேனாக்கத்தி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இறகுப் பேனாவைச் சீவுவதற்கு வைத்திருந்த கத்தி என்பதால் அந்தப் பெயர். கொம்பினால் செய்த மேல்பட்டை. ஒரு பக்கத்துப் பட்டை வெடித்து விட்டது. நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தகடு, ஆணி, ஸ்பிரிங் இந்த மூன்றோடும் பழகிய கைகள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் கத்தியைக் கொடுத்தேன்.

"அண்ணே, இதைப் பிரிச்சு மாட்ட முடியுமா?"

"பூட்டையே பிரிக்கிறோம், இது என்னம்மா! உக்காருங்க, பார்த்துட்டே இருங்க" என்றவர், ஆணித் தலையை அரத்தால் ராவி, ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே எடுத்தார். செய்தித்தாளில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார். வெளியே இரண்டு கொம்புப் பட்டைகள். அவற்றுக்கு உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள். தகடுகளுக்கு நடுவே முதுகுப் பக்கம் ஒரு எஃகு ஸ்பிரிங், வயிற்றுப் பக்கம் அலகு.

"இந்தப் பித்தளைதாம்மா கத்தி. கொம்பு சும்மா சட்டை" என்று சிரித்தார் அவர்.

எவ்வளவு சரியான வார்த்தை! அந்தத் தகடுகள் செய்யும் வேலைகளைக் கேளுங்கள்.

முதலாவது, ஆணியைத் தாங்குவது. அலகு சுழலும் ஆணியும், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ஆணியும் கொம்பில் மட்டும் நின்றால், திறந்து மூடித் திறந்து மூடி ஓட்டை பெரிதாகி விடும். உலோகத் தகட்டில் நிற்பதால் வட்டம் வட்டமாகவே இருக்கிறது.

இரண்டாவது, அலகுக்கு இரு பக்கமும் வழவழப்பான சுவராக நிற்பது. மரமோ கொம்போ நேராக உரசினால் தேயும்; உப்பினால் அலகைக் கவ்விக் கொள்ளும். தகடு இரண்டும் நடக்க விடாது.

மூன்றாவது, மூடிய அலகைப் பத்திரமாக வைப்பது. கத்தியை மடக்கியதும் கூர் அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே போய்ப் படுத்துக் கொள்கிறது. தகடு வளைந்திருந்தால் அலகு ஒரு பக்கம் சாய்ந்து, கூரே அந்தச் சுவரில் உரசி மழுங்கி விடும்.

நான்காவது, மேல்பட்டையைக் காப்பாற்றுவது. எலும்பு, கொம்பு, முத்துச்சிப்பி எல்லாம் அழகாக இருக்கும்; எளிதில் வெடிக்கும். அடியில் தகடு இருந்தால், அவற்றை மெல்லிசாகச் சீவி ஒட்டினாலே போதும்.

இந்தத் தகடு வழக்கமாக அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை கனமிருக்கும். பித்தளையிலும், ஜெர்மன் சில்வரிலும், எஃகிலும் செய்கிறார்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. விலை உயர்ந்த கத்திகளில் இப்போது டைட்டானியமும் வந்து விட்டது.

உலகமெல்லாம் தெரிந்த சிவப்பு ஸ்விஸ் கத்தியிலும் இதே கதைதான். ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் பட்டறை தொடங்கி, 1891-ல் தம் நாட்டு ராணுவத்துக்கு முதன்முதலாகக் கத்திகள் கொடுத்தார். 1909-ல் அவருடைய தாயார் விக்டோரியா காலமானதும் அந்த அம்மாளின் பெயரையே கத்திக்குச் சூட்டினார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 'விக்டரினாக்ஸ்' ஆயிற்று. அம்மாவின் பேர் எத்தனை சட்டைப் பைகளில் பயணம் செய்கிறது பாருங்கள்! அந்தக் கத்தியில் கத்தரிக்கோல், திருப்புளி, மூடி திறப்பான் என்று எத்தனை சாமான்கள் இருந்தாலும், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு உண்டு. அந்தச் சிவப்புப் பட்டை, ஆணித் தலைகளில் அழுத்தி மாட்டிய சட்டைதான். அது உடைந்தாலும் கத்தி உதிர்ந்து விடாது.

லைனிங் வேண்டாத கத்தி

அப்படியானால் தகடு இல்லாத மடக்குக் கத்தியெல்லாம் மோசமா? அதுவும் சரியில்லை. கெட்டியான துணிக்கு லைனிங் தேவையில்லை அல்லவா?

பிரான்ஸ் நாட்டின் ஸவாய் பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890-ல் ஒரு மடக்குக் கத்தி செய்தார். ஒரே மரத்துண்டில் பிடி, அதில் ஒரு பிளவு, பிளவுக்குள் அலகு, வாயில் நம்ம ஊர்ப் பூண் மாதிரி ஓர் எஃகு வளையம். லைனர் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. 1955-ல் அதோடு சுழலும் பூட்டு வளையம் ஒன்றும் சேர்ந்தது. இன்றைக்கும் அதே மாதிரிதான் செய்கிறார்கள். லேசாக இருக்கும், விலையும் குறைவு. பிடி மரம் கனமாக இருப்பதால் அதுவே பாரத்தைத் தாங்கி விடுகிறது.

ஆனால் நனைந்தால் மரம் உப்பி அலகைக் கவ்விக் கொள்ளும். திறக்க முடியாமல் பல்லைக் கடிக்க வேண்டியதுதான். காய வைத்த பிறகு சரியாகும். ஆக, தகடு இல்லாவிட்டால் பிடி கனமாக இருக்க வேண்டும். பிடி மெல்லிசாக இருந்தால் உள்ளே தகடு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கத்தி, அதாவது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் நேராக ஆணி அடித்தது, திருவிழாக் கடையில் வாங்கி வந்து திருவிழா முடிவதற்குள் ஆடிப்போகும்.

பூட்டாக மாறிய தகடு

என் மகள் வேலை கிடைத்து வெளியூர் விடுதிக்குப் போகும்போது, "அம்மா, பழம் நறுக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுங்க" என்றாள். அவள் இடது கைக்காரி. அப்போதுதான் இன்னொரு விஷயம் கவனத்துக்கு வந்தது.

சாதாரணப் பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது. முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான் அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. பழம் நறுக்க இது போதும். ஆனால் சிலர் தேங்காய்க் கண்ணைக் குத்தவும், டப்பா மூடியை நெம்பவும் அதை எடுக்கிறார்கள். முனையால் குத்தும்போது அலகு படக்கென்று மடங்கி விரல் மேலேயே விழும். இந்த ஆபத்துக்காகத்தான் பூட்டு.

அந்தப் பூட்டுகளில் ஒன்றை இந்த லைனரிலேயே செய்து விட்டார்கள் என்பதுதான் சாமர்த்தியம்! ஒரு பக்கத் தகட்டை நீளவாக்கில் வெட்டி, அந்த நாக்கை உள்பக்கம் லேசாக வளைத்து விடுவார்கள். கத்தி மூடியிருக்கும்போது அலகு அந்த நாக்கை ஒதுக்கி வைத்திருக்கும். முழுவதும் திறந்ததும் நாக்கு தானாகவே உள்ளே நகர்ந்து, அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்று விடும். மூட வேண்டுமானால் கட்டை விரலால் நாக்கை ஓரமாகத் தள்ள வேண்டும். அமெரிக்காவில் 1906-லேயே இதன் ஆரம்ப வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கி விட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி செய்பவர் அதைத் திருத்தி அமைத்த பிறகு உலகமெங்கும் பரவியது. 'லைனர் லாக்' என்று கேட்டால் கடையில் எடுத்துக் காட்டுவார்கள்.

இதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். நாக்கு அலகின் பின்னால் நன்றாக முட்டி நிற்க வேண்டும். ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் அந்தக் கத்தி வேண்டாம். தகடு தகர டப்பா போல மெல்லிசாக இருந்தால் அழுத்தத்தில் வளைந்து பூட்டு விட்டுப் போகும். மூடும்போது, நாக்கைத் தள்ளும் கட்டை விரல் அலகு இறங்கும் வழியிலேயே இருக்கிறது. அலகு கொஞ்சம் மடங்கியதும் கட்டை விரலை எடுத்து விட்டு, அப்புறம்தான் மீதியை மூட வேண்டும். குழந்தைகள் கையில் இதைக் கொடுக்கவே கூடாது.

அது மட்டுமல்ல, பெரும்பாலான லைனர் லாக் கத்திகள் வலது கைக்காரர்களுக்காகச் செய்தவை. இடது கையில் பிடித்தால் கட்டை விரல் இருக்க வேண்டிய பக்கம் மாறி, மூடுவதற்குத் தடுமாற வேண்டும். அதனால் என் மகளுக்கு முதுகின் நடுவில் அழுத்தி மூடும் பூட்டும், உள்ளே எஃகுத் தகடும் உள்ள கத்தியாகப் பார்த்து வாங்கினேன். எந்தக் கைக்கும் அது பொருந்தும். "கடைக்காரரைப் படுத்தி எடுத்துட்டீங்கம்மா" என்று மகள் சிரித்தாள். சிரிக்கட்டுமே! விரல் அவளுடையது அல்லவா?

வாங்கும் முன்பு

கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் இவற்றைப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

1. பிடியின் முதுகையும் வயிற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி கோடாகத் தெரிந்தால் வேண்டாம். வண்ணக் கோடு வேறு, இடுக்கு வேறு. நகத்தை ஓட்டினால் தெரிந்து விடும். நகம் மாட்டினால் அது இடுக்கு.

2. ரிவிட் தலைகள் மரத்தோடு சமமாக இருக்க வேண்டும். மேடாக இருந்தால் உள்ளங்கையை உறுத்தும், பள்ளமாக இருந்தால் அழுக்கு சேரும்.

3. அலகை ஒரு மடித்த துணியால் பிடித்துக் கொண்டு, பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் வைத்து விடுங்கள். இன்றைக்கு 'டக்' என்பது நாளைக்கு 'லொடக்'.

4. மடக்குக் கத்தியானால், மூடிய நிலையில் மேலிருந்து உள்ளே பாருங்கள். இரு பக்கமும் உலோகத் தகடு தெரிகிறதா? அலகு நட்ட நடுவில் படுத்திருக்கிறதா? ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

5. பூட்டு உள்ளதானால், திறந்து, விரல்கள் அலகின் வழியில் இல்லாமல் பிடித்துக் கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். துளியும் இளகக் கூடாது.

வீட்டில் பராமரிப்பு

மரப்பிடிக் கத்தியைச் சிங்கில் ஊறப் போடாதீர்கள். எச்சில் தட்டுகளோடு தண்ணீரில் கிடக்கும் கத்தி, பிடிக்கும் கெடுதல், அடியில் தெரியாமல் கையை விடுகிறவருக்கும் கெடுதல். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, அலகு மறைவாக இருக்கும்படி காற்றாட வைத்து விடுங்கள்.

மாதம் ஒரு முறை, நன்றாகக் காய்ந்த மரப்பிடியில் சில துளி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைத்து எடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது குறையும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காகி விடும்.

மடக்குக் கத்தியால் எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் அன்றே கழுவி விட வேண்டும். புளிப்பு உள்ளே இறங்கினால் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளிச்சோற்றைப் பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று நமக்குத் தெரியுமே! திறந்த நிலையில் வெந்நீர் விட்டு அலசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளின் நடுவே தேய்த்து, உதறிக் காய வையுங்கள். அலகு சுழலும் இடத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரே ஒரு துளி போதும். உணவில் பட்டாலும் பயமில்லை.

பிடி ஆட ஆரம்பித்து விட்டால், ரப்பர் வளையமோ டேப்போ சுற்றிக் காலம் தள்ளாதீர்கள். அடியில் ஈரம் தங்கி, இன்னும் சீக்கிரம் அழுகும். அலகு நல்லதாக இருந்தால், பழைய கட்டையைக் கழற்றி, துருவைத் தேய்த்து, லைனர் வைத்துப் பசை போட்டுப் புதிய ரிவிட் அடித்துத் தரச் சொல்லுங்கள். நடுவே படலம் வைக்கச் சொன்னது நீங்களாகத்தான் இருக்கும்; கேட்டால்தான் செய்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு கை அறுந்து விட்டால், காப்பித் தூளையும் மஞ்சளையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மடங்காவிட்டாலோ, மரத்துப் போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போய் விடுங்கள். உள்ளே தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் சொல்லுங்கள். துருவினால் வருகிற நோய் அல்ல அது. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிருமி காயத்துக்குள் போவதால் வருவது.

இன்று சாப்பாட்டுக் கடை முடிந்ததும், உங்கள் வீட்டுக் கத்திகளை எல்லாம் மேஜையில் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றின் பிடியிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், லேசாக ஆட்டிப் பாருங்கள். உறுதியாக இருப்பது அடுப்படிக்குப் போகட்டும்; ஆடுவது பட்டறைக்குப் போகட்டும். வீட்டில் கல்யாணமாகிப் புதுக் குடித்தனம் போகிற பெண் இருந்தால், அவளுக்கு வாங்கும் கத்தியையும் இப்படிப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். ரவிக்கைக்கு லைனிங் கேட்டு வாங்குகிற நாம், கத்திக்கும் கேட்டு வாங்கினால் என்ன?